பாட்டிக்கு இலை போடுவது யார்?

அரைப் பரீட்சை முடிந்துவிட்டது.

சென்னையில் பெட்டி கட்டியாகிவிட்டது. கோவையில் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. "நாளைக் காலையில் வந்துவிடுவோம் அம்மா" என்று பெங்களூரில் இருக்கும் மகள் போன் செய்துவிட்டாள்.

ராஜபாளையத்தில் ஒரு பாட்டி தூங்கவில்லை.

சென்னையிலிருந்து வரும் பொதிகை எக்ஸ்பிரஸ் விடியும் நேரத்தில்தான் வரும். அது பாட்டிக்குத் தெரியும். ஆனாலும் மூன்று மணிக்கே எழுந்துவிட்டாள். வாசல் தெளித்தாள். மார்கழி மாதம் ஆயிற்றே! பெரிய கோலமாகப் போட்டு, நடுவே சாண உருண்டையில் பூசணிப் பூவைச் செருகினாள். பிறகு இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றினாள்.

இந்தப் பாட்டிக்குப் பெயர் வேண்டியதில்லை. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் தெருவுக்குப் பத்துப் பேர் இப்படி இருக்கிறார்கள். சில வீடுகளில் அவள் 'அவ்வா'. சில வீடுகளில் 'ஆச்சி'. மகள் வயிற்றுப் பிள்ளைகளுக்கு 'அம்மாச்சி'. மகன் வயிற்றுப் பிள்ளைகளுக்கு 'அப்பத்தா'. அழைக்கும் பெயர்தான் வேறு. லீவு வந்துவிட்டால் எல்லோருக்கும் ஒரே வேலைதான்.

அந்த வேலையைப் பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

ஆண்டாள் வரும் நாள்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அழகான வழக்கம் உண்டு.

மார்கழி விழாவில் பகல் பத்து தொடங்கும் நாளன்று, ஆண்டாள் தன் பிறந்த வீட்டுக்கு எழுந்தருளுகிறாள். தனியாக அல்ல, ரெங்கமன்னாரோடு வருகிறாள். பெரியாழ்வார் வம்சத்தார் என்று சொல்லப்படும் வேதபிரான் பட்டர் வீடுதான் அந்தப் பிறந்த வீடு.

மகள் வருகிறாள். கூடவே மாப்பிள்ளையும் வருகிறார். வெறும் வாசலைக் காட்டி வரவேற்கலாமா? விதவிதமான பச்சைக் காய்கறிகளை வீட்டு முன்னால் பரப்பி வைக்கிறார்கள். இதற்குப் 'பச்சை பரத்தல்' என்று பெயர். திரட்டுப்பாலும் மணிப்பருப்பும் படைக்கிறார்கள். கட்டிக்கொடுத்த பெண் வீட்டுக்கு வந்தால் என்ன உபசாரம் உண்டோ, அதே உபசாரம் தெய்வத்துக்கும்!

இதைப் பார்க்க ஊரே திரண்டு நிற்கும்.

ராஜபாளையத்துப் பாட்டியும் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தவள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஊருக்கும் இடையே பெண் கொடுப்பதும் எடுப்பதும் அதிசயம் அல்ல. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் தூரம். சிறுமியாகப் பாவாடை கட்டிக்கொண்டு நின்று பச்சை பரத்தலைப் பார்த்தவள் அவள். கலியாணம் ஆன பிறகு எத்தனை முறை பார்த்தாள்?

விரல் விட்டு எண்ணிவிடலாம். மார்கழி மாதம் வந்தால் அவள் வீட்டிலேயே பச்சை பரத்தல் ஆரம்பமாகிவிடுகிறது. பரப்புகிறவளும் அவள்தான். நறுக்குகிறவளும் அவள்தான்.

பாத்திரக் கணக்கு

இரண்டு மகன்கள். ஒரு மகள். இரண்டு மருமகள்கள். ஒரு மாப்பிள்ளை. பேரப்பிள்ளைகள் ஏழு பேர். வந்தவர்கள் 13 பேர். பாட்டியோடு சேர்த்து 14.

ஆளுக்கு ஐந்து இட்லி என்றால், காலைப் பலகாரத்துக்கு மட்டும் 70 இட்லி. பதினாறு குழி உள்ள பானையில் ஐந்து ஈடு எடுக்க வேண்டும். முதல் ஈட்டைச் சாப்பிட்டவர்கள் கை கழுவும்போது, கடைசி ஈடு வெந்துகொண்டிருக்கும். அதை இறக்கி வைத்தால், "மத்தியானத்துக்கு என்ன?" என்று ஒரு குரல் வரும்.

ஒரு வேளைக்கு 14 தட்டு. மூன்று வேளைக்கு 42. பத்து நாளைக்கு 420! (வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம். கணக்கு அங்கேதான் போய் நிற்கிறது.) டம்ளர், கிண்ணம், குழம்புச் சட்டி, தோசைக்கல் எல்லாம் இந்தக் கணக்கில் சேரவில்லை.

எல்லோருக்கும் பரிமாறிவிட்டுப் பாட்டி சாப்பிடுகிறாள். எங்கே? அடுப்படியில், நின்றுகொண்டே. அடியில் தங்கிய சோறு, வண்டலாய் நின்ற குழம்பு. "ஏன் அம்மா, நீயும் எங்களோடு உட்காரேன்" என்று மகன் சொல்லுவான். சொல்லுவான், அவ்வளவுதான். அவன் எழுந்து வந்து கரண்டியை வாங்கினால் அல்லவா அவள் உட்கார முடியும்?

ரெயிலில் முன்பதிவு செய்ய முன்பு 120 நாட்கள் அவகாசம் இருந்தது. 2024 நவம்பர் 1 முதல் அதை 60 நாட்களாக ரெயில்வே குறைத்தது. சரியாக அறுபதாவது நாள் காலை எட்டு மணிக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு டிக்கெட் எடுக்கும் கெட்டிக்காரர்கள் இந்தப் பிள்ளைகள். போய் இறங்கியபின் யார் மாவு ஆட்டுவது, யார் பாத்திரம் தேய்ப்பது என்று ஆறு நிமிஷம்கூட அவர்கள் யோசிப்பதில்லை.

பிள்ளைகள் கெட்டவர்கள் அல்ல. அம்மாவுக்குப் புடைவை வாங்கி வருகிறார்கள். முட்டிவலிக்குத் தைலம் வாங்கி வருகிறார்கள். முட்டி ஏன் வலிக்கிறது என்று மட்டும் பார்ப்பதில்லை.

கூட்டம் போய்விட்டது, வழக்கம் போகவில்லை

பாட்டி வீட்டு விருந்து என்பது நேற்று வந்த வழக்கம் அல்ல. ஆனால் அந்தக் காலத்து வீடு வேறு.

அந்த வீட்டில் மாமியார் இருந்தாள். ஓரகத்திகள் இருந்தார்கள். கலியாணம் ஆகாத நாத்தனார் இருந்தாள். அடுத்த வீட்டு அத்தை ஒரு குரலுக்கு ஓடி வருவாள். நாலு பேர் உரலைச் சுற்றி நின்று மாவு இடிப்பார்கள். இரண்டு பேர் முறுக்குச் சுற்றுவார்கள். ஒருத்தி எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொள்வாள். வாய் ஓயாது, கையும் ஓயாது. முப்பது பேருக்குச் சமைத்தாலும் ஒருத்தி தலையில் விழவில்லை.

பிறகு ஊர் மாறியது. 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். அதற்குப் பின் பஞ்சாலைகள் பெருகின. மில் சம்பளம் பிள்ளைகளைப் படிக்க வைத்தது. படித்த பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும், அதற்கு அப்பாலும் போனார்கள். போகட்டும்; அதற்காகத்தானே படிக்க வைத்தது!

வீட்டில் பாட்டி மட்டும் மிஞ்சினாள். நாலு பெண்கள் சேர்ந்து சுமந்த விருந்தை இப்போது எழுபது வயதில் ஒருத்தி சுமக்கிறாள். உரல் போய் கிரைண்டர் வந்தது உண்மைதான். ஆனால் கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவ இன்னும் மனிதக் கைதான் வேண்டியிருக்கிறது.

விருதுநகர்ச் சீமைத் தாய்மாருக்குப் பிள்ளை வரவுக்காகக் காத்திருப்பது பழகிய சங்கதி. காமராஜர் 1954 முதல் 1963 வரை முதல் மந்திரியாக இருந்தார். மகன் சென்னையில் நாட்டை ஆண்டபோது, தாயார் சிவகாமி அம்மாள் விருதுநகர் வீட்டிலேயே இருந்தார். அந்த வீடு பிறகு நினைவு இல்லம் ஆயிற்று. நாட்டு வேலை இருந்தவர் வராததில் நியாயம் உண்டு. வீட்டுக்கு வந்தும் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள் என்ன நியாயம் சொல்லுவார்கள்?

புரோட்டா வாங்கி வந்தால் தீருமா?

சில பிள்ளைகளுக்கு இது உறைக்கிறது. "அம்மா, நீ ஒன்றும் செய்யாதே. நாங்கள் கடையில் வாங்கிக்கொள்கிறோம்" என்கிறார்கள். ராத்திரி எண்ணெய்ப் புரோட்டா பார்சல் வருகிறது. குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். பாட்டி முகம் மட்டும் வாடிப்போகிறது.

ஏன்?

ஒரு மாதமாக அவள் ஆயத்தம் செய்திருக்கிறாள். பெரிய பேரனுக்குப் பிடித்த வடகத்தைப் புரட்டாசி வெயிலிலேயே காயவைத்துவிட்டாள். மகளுக்குப் பிடித்த மாவடு ஜாடியில் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதெல்லாம் அவளுக்குப் பெரிதல்ல. பால்கோவா அவள் பிறந்த ஊர்ச் சரக்கு. பாலும் சர்க்கரையும் எந்தப் பதத்தில் சேர வேண்டும் என்று கண்ணாலேயே சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளிடம், "நீ சமைக்க வேண்டாம்" என்றால், "நீ வேண்டாம்" என்றுதான் காதில் விழும்.

ஆகவே பாட்டியை அடுப்படியிலிருந்து விரட்டுவது வழி அல்ல. அடுப்படி அவளுடைய ராஜ்ஜியம். ராணி ராணியாகவே இருக்கட்டும். ஆனால் எந்த ராணியும் பாத்திரம் தேய்ப்பதில்லை!

அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போடுங்கள். பாட்டியை அதில் உட்கார வையுங்கள். மாவு பதம் அவள் சொல்லட்டும். எண்ணெய் காய்ந்ததா என்று அவள் பார்க்கட்டும். முறுக்கு அச்சை அழுத்துவது மாப்பிள்ளையாக இருக்கட்டும். கை வலித்தால்தான் முறுக்கின் ருசி தெரியும். தேங்காய் துருவுவது பெரிய மகன். வெங்காயம் உரிப்பது சின்ன மகன், அழுதாலும் பரவாயில்லை. இலை போடுவதும் தண்ணீர் வைப்பதும் பேரப்பிள்ளைகள். முதல் இலை பாட்டிக்கு.

'மாப்பிள்ளை போய் அடுப்படியில் நிற்பதா?' என்று முதலில் தடுப்பவள் பாட்டியாகத்தான் இருப்பாள். இரண்டு நாள் தடுப்பாள். மூன்றாம் நாள், "எங்கள் மாப்பிள்ளை முறுக்குப் பிழிந்தார்" என்று அடுத்த வீட்டில் சொல்லிக்கொள்வாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். பாட்டியின் சுமையை இறக்கி மருமகள்கள் தலையில் வைப்பதைச் சீர்திருத்தம் என்று சொல்லக்கூடாது. பல வீடுகளில் அதுதான் நடக்கிறது. மருமகளும் வருஷம் முழுவதும் ஆபீசுக்கும் அடுப்புக்கும் ஓடியவள். அவளுக்கும் லீவுதான். கூடத்தில் போனைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும் ஆண்பிள்ளைகள் எழுந்திருப்பதுதான் இங்கே கேட்கப்படுகிறது.

மாத்திரையும் ஈரத் தரையும்

வீடு நிறைய ஆள் இருக்கும் நாட்களில்தான் பாட்டி மாத்திரையை மறக்கிறாள். சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய சர்க்கரை மாத்திரை, சாப்பாடே மூன்று மணிக்கு ஆகும்போது என்ன ஆகும்? மயக்கம் வரும். "ஒன்றுமில்லை, கொஞ்சம் தலை சுற்றல்" என்பாள். யாரும் டாக்டரிடம் அழைத்துப் போய்விடக் கூடாதே என்று பயம். விருந்து கெட்டுவிடுமாம்!

அடுத்த ஆபத்து குளியலறை. பதினான்கு பேர் மாறி மாறிக் குளித்தால் தரை எப்போதும் ஈரம். 65 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு 28 முதல் 35 பேர் வருஷத்தில் ஒரு தடவையாவது கீழே விழுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் வெளியிட்ட அறிக்கை சொல்லியது. இந்த வயதில் இடுப்பு எலும்பு முறிந்தால் நடமாட்டமே நின்றுபோகலாம். குளித்து வருகிறவர் தரையைத் துடைத்துவிட்டு வர வேண்டும் என்று ஒரு சட்டம் போடுங்கள். குழந்தைகளுக்கும் அது பொருந்தும்.

சுருக்குப் பை

பாட்டியின் பணக் கணக்கு யாருக்கும் தெரியாது. கேட்டாலும் சொல்லமாட்டாள்.

தமிழ்நாட்டு அரசின் முதியோர் பென்ஷன் 2023-ல் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. மில்லில் உழைத்தவர்களுக்கு வரும் வைப்பு நிதிப் பென்ஷனுக்கு 2014-ல் மத்திய சர்க்கார் நிர்ணயித்த குறைந்தபட்சத் தொகை மாதம் 1,000 ரூபாய். இந்த மாதிரிச் சின்னத் தொகையில்தான் எத்தனையோ பாட்டிமார் காலம் தள்ளுகிறார்கள். அதிலும் மிச்சம் பிடித்து, பேரன் பேத்தி ஒவ்வொருவர் கையிலும் ஒரு நோட்டு வைக்கிறார்கள். ஊருக்குப் போகும்போது மிளகாய்த் தூள், மல்லித் தூள், ஊறுகாய், முறுக்கு என்று ஆளுக்கு ஒரு பை வேறு!

அந்தப் பையை வேண்டாம் என்று சொல்லக்கூடாது. ஆனால் பத்து நாள் அரிசி, பருப்பு, பால், எண்ணெய், காஸ் எல்லாவற்றுக்கும் யார் பணம் கொடுத்தார்கள்? வந்த முதல் நாளே, குழந்தைகள் பார்க்காத நேரத்தில், அம்மாவின் அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் பணத்தை வைத்துவிடலாம். கையில் கொடுத்தால் வாங்கமாட்டாள். அடியில் இருந்தால், எடுக்காமலும் இருக்கமாட்டாள்.

கோர்ட்டுக் கட்டளை

பெற்றோரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று சீனாவில் சட்டமே போட்டார்கள். அது 2013 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்தது. அன்றே வூசி நகரத்துக் கோர்ட்டில் ஒரு தீர்ப்பு. 77 வயதுத் தாயை இரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது மகள் வந்து பார்க்க வேண்டும் என்று நீதிபதி கட்டளையிட்டார்.

இந்தியாவிலும் 2007-ல் ஒரு சட்டம் வந்தது. பிள்ளைகள் கவனிக்காவிட்டால், பெற்றோர் மனுக் கொடுத்து ஜீவனாம்சம் கேட்கலாம். பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று அதில் இருக்கிறது. 'பிள்ளைகள்' என்று அந்தச் சட்டம் சொல்வதில் வயது வந்த பேரனும் பேத்தியும் அடக்கம்! தாத்தா, பாட்டிக்கு அவர்களும் பொறுப்பு.

ஆனால் இந்தப் பாட்டி எந்தக் கோர்ட்டுக்கும் போகிறவள் அல்ல. பிள்ளைகள் வருகிறார்கள், பணமும் அனுப்புகிறார்கள். சட்டத்தின் கண்ணுக்கு இங்கே குற்றமே இல்லை. 420 தட்டும் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாது.

மறுநாள்

லீவு முடிகிறது. ராத்திரி ரெயில். வாசலில் நின்று கை ஆட்டுகிறாள். தெருமுனை திரும்பும்வரை ஆட்டோவையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

மறுநாள் விடிகிறது. பதினான்கு போர்வைகள். பரணில் ஏற்ற வேண்டிய பெரிய அண்டா. சுவரில் சின்னப் பேத்தி கிறுக்கிய கோடுகள். போர்வையைத் துவைக்கிறாள். அண்டாவைக் கழுவுகிறாள். சுவரை மட்டும் துடைக்கமாட்டாள். அடுத்த லீவு வரை அது அங்கேயே இருக்கும்.

ஊருக்குப் புறப்படுவதற்கு முந்திய நாளை இதற்காக ஒதுக்கினால் என்ன? சினிமாவும் கடைவீதியும் ஒரு நாள் குறையட்டும். போர்வை துவைத்துக் காயவேண்டும். அண்டா பரணுக்கு ஏற வேண்டும். பெரிய பேரன் ஏணி பிடிக்கட்டும். பத்து நாளும் பதினான்கு பேர் சேர்ந்திருக்கத்தான் வேண்டும் என்பதும் இல்லை. ஐந்து நாள் எல்லோரும் இருக்கலாம். பிறகு ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பலாம். கடைசியில் ஒரு மகன் மட்டும் இரண்டு நாள் தனியாக இருந்தால், அம்மாவுக்கு அவனிடம் பேசவேண்டியது நிறைய இருக்கும். கூட்டத்தில் பேசமுடியாத பேச்சு அது.

இன்னும் ஒரு நாள் பாக்கி இருக்கிறது. அது பாட்டிக்கு.

காலையில் அவளைக் குளிக்கச் சொல்லிப் புதுப் புடைவை கட்டச் சொல்லுங்கள். மகளும் பேத்தியும் கூட வர, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார வையுங்கள். ஊர் நெருங்கும்போது பதினொரு நிலைக் கோபுரம் தெரியும். அரசு முத்திரையில் இருக்கும் கோபுரம் இதுதான் என்று ஊரார் பெருமை பேசுவார்கள். பாட்டிக்கு முத்திரை ஞாபகம் வராது. கோபுரத்தைக் கண்டதும், "இன்னும் இரண்டு தெருதான், எங்கள் வீடு" என்பாள். அந்த வீட்டில் இப்போது தம்பி மகன் இருக்கலாம். வேறு யாராவதுகூட இருக்கலாம். வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வரட்டும். அவசரப்படுத்தாதீர்கள்.

அன்றைக்கு ராஜபாளையத்தில் சமையல், மகன்களும் மாப்பிள்ளையும். சாம்பாருக்கு எத்தனை புளி என்று தெரியாமல் பன்னிரண்டு மணிக்கு எப்படியும் போன் வரும். பாட்டி கோயில் பிரகாரத்தில் உட்கார்ந்தபடியே சொல்லுவாள்: "எலுமிச்சம்பழ அளவு போதும். அடுப்பைக் குறைத்து வையுங்கள்."